நான் இல்லை என்று சொன்ன கல்

சாத்தான்குளம் பஸ் நிலையத்துக்கு எதிரே பழக்கடைக்கு மேலே என் படம் போட்ட ஃபிளெக்ஸ் ஒன்று இரண்டு வாரம் தொங்கியது. ‘விண்கல் கண்டுபிடித்த எங்கள் மண்ணின் விஞ்ஞானி’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு ராக்கெட்டையும் போட்டிருந்தார்கள். ராக்கெட்டுக்கும் எனக்கும் என்னடே சம்பந்தம் என்று மைத்துனனிடம் கேட்டேன். “சும்மா கெடக்கட்டும் அத்தான், பாக்க எடுப்பா இருக்குல்லா” என்றான். அந்தப் பக்கம் போகவே கூசியது. காய்கறி வாங்க வேறு தெரு வழியாகப் போனேன்.

நான் விஞ்ஞானி இல்லை. தூத்துக்குடியில் ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில் முப்பத்தொரு வருஷம் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பெயர் பொன்ராஜ். துறை இதழுக்கு, “அந்தக் கல்லை எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு எழுதித் தாங்க அண்ணாச்சி” என்று இப்போது அங்கே வேலை பார்ப்பவர்கள் கேட்டார்கள். சரி என்று தாளை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். ஒரு வரி ஓடவில்லை. அதை நான் கண்டுபிடித்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

முதலில் செய்தி சொன்னவர் துரை சார், இப்போதைய துறைத்தலைவர். காலையில் போன் செய்து, “அண்ணாச்சி, உங்க கல்லுக்கு நம்பர் வந்துட்டு” என்றார். எனக்குத் திக்கென்றது. தராசுப் பெட்டியில் எடைக்கல் ஏதும் குறைகிறதோ என்றுதான் முதலில் நினைத்தேன். “நான் எல்லாத்தையும் எண்ணி ஒப்படைச்சிட்டுத்தான சார் வந்தேன்?” என்றேன். அவர் சிரித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கும் லட்சக்கணக்கான பாறைகளில் ஒன்று. இரண்டு கிலோமீட்டர் குறுக்களவுகூட இருக்காதாம். ஒரு சுற்று முடிக்க நாலு வருஷத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் கல்லூரியிலிருந்து பல வருஷம் முன்னால் அனுப்பிய குறிப்பில்தான் அது முதன்முதலாக வந்திருக்கிறது. அதன்பின் கணக்குப் போட்ட இடத்தில் கணக்குப் போட்ட நேரத்தில் திரும்பத் திரும்பத் தென்பட்டதால், பாதை உறுதியாகி நிரந்தர எண் கொடுத்துவிட்டார்கள். “கண்டுபிடிச்சவர்னு உங்க பேர் இருக்கு. கல்லுக்குப் பேர் வைக்கிற உரிமையும் உங்களுக்குத்தான்” என்றார் துரை சார்.

நான் திருதிருவென்று முழித்தேன். போனில் முழித்தால் யாருக்குத் தெரியும்? “ரொம்ப சந்தோஷம் சார்” என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தச் ‘சந்தோஷம்’தான் நான் செய்த முதல் பிசகு. அரை நாளில் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

என் வேலையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் குழப்பம் விளங்காது. பிளஸ் டூ முடித்து, தட்டெழுத்துப் படித்து, ஒரு வருஷம் பலசரக்குக் கடையில் நின்று, அட்டெண்டராகச் சேர்ந்து, பிறகு ஆய்வக உதவியாளர் ஆனேன். அதற்கு மேல் சொல்ல அதில் ஒன்றும் இல்லை. ஆனால் ஸ்டாக் ரிஜிஸ்டர் என்று ஒன்று உண்டு. ஆய்வகத்தில் உள்ள ஒவ்வொரு சாமானுக்கும் ஒருவர் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்க வேண்டும். லென்ஸ் உடைந்தாலும் காந்தம் காணாமல் போனாலும் அந்த ஆள்தான் பதில் சொல்ல வேண்டும். பேராசிரியர்கள் யாரும் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டார்கள். ஆகவே ஸ்பெக்ட்ரோமீட்டர் தொடங்கி ஸ்டூல் வரைக்கும் எல்லாம் என் பேரில்தான் இருந்தது. எனக்கு அதில் பெருமை வேறு. என் காலத்தில் ஒரு பட்டகம்கூடத் தொலைந்ததில்லை.

அப்போது துறைத்தலைவராக இருந்தவர் எஸ்தர் மேடம். நாசரேத்துக்காரர், வீட்டில் எல்லாரும் ஆசிரியர்கள். குரலை உயர்த்த மாட்டார். தப்புச் செய்தால் “பொன்ராஜ், மறுபடி” என்பார். அவ்வளவுதான். அந்த ‘மறுபடி’க்குப் பயந்து நான் ஒரு அளவை ஐந்து முறை எடுத்திருக்கிறேன். பேனா தொடவே மாட்டார், பென்சில்தான். அளவு என்பது எப்போது வேண்டுமானாலும் திருத்தப்பட வேண்டியது, அதை மையால் எழுதுவது திமிர் என்பது அவர் கட்சி.

அவர்தான் சிறுகோள் தேடும் திட்டத்தில் எங்கள் கல்லூரியைச் சேர்த்தார். வெளிநாட்டில் எங்கோ ஒரு மலை மேல் இருக்கும் தொலைநோக்கி எடுத்த படங்கள் இணையம் வழியாக எங்களுக்கு வரும். வானத்தின் ஒரே துண்டை இருபது நிமிஷம் போல இடைவெளி விட்டு எடுத்த நாலு படங்கள். கணினியில் அவற்றை மாற்றி மாற்றி ஓட்டினால் நட்சத்திரங்கள் அசையாமல் நிற்கும். நகர்கிற புள்ளி எதுவோ அதுதான் சிறுகோள். கேட்க லேசாக இருக்கும். படம் முழுக்கப் பொய்ப்புள்ளிகள். கருவியின் கோளாறு ஒரு புள்ளி, எங்கிருந்தோ வந்து விழுந்த கதிர் ஒரு புள்ளி. அவை எல்லாவற்றுக்கும் எங்கள் ஆய்வகத்தில் ஒரே பேர், தூசி. நாலு படத்திலும் இருக்க வேண்டும், நேர்கோட்டில் போக வேண்டும், ஒவ்வொரு தாவலும் ஒரே நீளம் இருக்க வேண்டும், ஒளியும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். அப்போதுதான் கல்.

அந்த மென்பொருளுக்கு லாகின் வேண்டும் என்றதும், எந்தப் பேரில் போடுவது என்று மேடத்திடம் கேட்டேன். “மெஷின் யார் ஸ்டாக்ல இருக்கு?” என்றார். “என் ஸ்டாக்ல மேடம்.” “அப்ப உங்க பேர்லயே போடுங்க.” அதில் எங்கள் யாருக்கும் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. திட்டத்தில் சேர்ந்திருந்த ஒன்பது மாணவிகளும் என் லாகினில்தான் வேலை செய்தார்கள். பாஸ்வேர்டைக் கரும்பலகையின் மூலையில் எழுதிப் போட்டிருந்தேன்.

மேடத்துக்கு ஒரு முறை உண்டு. புள்ளியைப் பார்த்த மாணவி, அது எங்கே எப்படித் தெரிகிறது என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதி மடித்து மேடத்தின் ஜாமெட்ரி பாக்ஸில் போட வேண்டும். மேடம் என்னைக் கூப்பிட்டு, படத்தின் எண்ணையும் புள்ளி இருக்கும் இடத்தையும் மட்டும் சொல்வார். யார் பார்த்தது என்று சொல்ல மாட்டார். நான் தனியாகப் பார்த்து ‘கல்’ அல்லது ‘தூசி’ என்று எழுதி, அதையும் மடித்துப் போட வேண்டும். பார்த்தவளும் சரிபார்க்கிறவனும் ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. சரிபார்க்கிற வேலைக்கு என்னை ஏன் வைத்தார் என்று மற்ற பேராசிரியர்கள் முணுமுணுத்தார்கள். எனக்குக் கண் கூர்மை, அது எல்லாருக்கும் தெரியும். அந்தக் கர்வமும் எனக்கு இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது?

இத்தனையும் ஞாபகம் இருக்கிறது. அந்த ஒரு கல் மட்டும் இல்லை. பழைய டைரியைத் தேடி எடுத்தேன். கண்டுபிடித்ததாகச் சொல்லப்பட்ட தேதியில் மகள் வளைகாப்புக்கு லீவு போட்டு ஊரில் இருந்திருக்கிறேன். ஆகா, நான் இல்லை என்று தீர்ந்தது என்று நினைத்தேன். துரை சாரிடம் சொன்னால், “அது படம் எடுத்த தேதி அண்ணாச்சி, அதுவும் கிரீன்விச் நேரப்படி. நம்ம கைக்குப் படம் வர ஒரு வாரம் ஆகும்லா?” என்கிறார். அப்போது நான் இருந்தேனா இல்லையா? ஆயுள் முழுக்க ரிஜிஸ்டரை நம்பியவனுக்கு ரிஜிஸ்டர் கைவிரித்துவிட்டது. மண்டை காய்ந்துபோனது. இதற்கிடையில் மைத்துனன் கல்லுக்குக் குலசாமி பேரை வைக்கச் சொல்கிறான், துரை சார் கல்லூரி நிறுவனர் பேரைச் சொல்கிறார். நானோ கல்லே என்னுடையதா என்று தெரியாமல் நிற்கிறேன்.

கடைசியில் பஸ் ஏறி நாசரேத்துக்குப் போனேன். எஸ்தர் மேடத்துக்கு வயதாகிவிட்டது, நடை தளர்ந்துவிட்டது, பேச்சு மட்டும் அப்படியே இருக்கிறது. நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து வந்தார். வருஷவாரியாகக் கட்டி வைத்த துண்டுச்சீட்டுகள். இரண்டை எடுத்து மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

ஒன்றில் உருண்டை உருண்டையான எழுத்து: ‘1, 2, 4 படங்களில் தெரிகிறது. 3-இல் ஒரு நட்சத்திரத்தின் மேல் விழுந்திருக்கிறது. அந்த நட்சத்திரம் 3-இல் மட்டும் கொஞ்சம் தடிப்பாக இருக்கிறது.’ கீழே, ஜெனிட்டா.

மற்றதில் என் எழுத்து: ‘தூசி. மூன்று போதாது.’ ‘போதாது’வின் கீழே இரண்டு கோடு.

அந்த இரண்டு கோட்டைப் பார்த்த பிறகுதான் எல்லாம் திரும்பி வந்தது. ஜெனிட்டா புன்னைக்காயல் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவாள். அன்று நான் சீட்டை மடித்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது அவள் வராந்தாவில் நின்றாள். பேசக் கூடாது என்று தெரிந்தும் தாங்காமல், “அண்ணாச்சி, அந்த மூணாவது படத்துல நட்சத்திரத்தக் கொஞ்சம் பாத்தியளா?” என்று கேட்டாள். மற்ற மாணவிகளும் நின்றார்கள். நானும் முறையைக் காற்றில் விட்டேன். “ஏளா, தூசியெல்லாம் கல்லுன்னு சொல்லிட்டு அலையாத. கண்ணாடி வாங்கிப் போடு” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்த வருஷம் முழுக்க அவளைத் ‘தூசி’ என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் ஒன்றிரண்டு தரம் கூப்பிட்டிருக்கிறேன். சீ, என்ன மனுஷன் நான்!

“நான் வேண்டாம்னு எழுதினது எப்படி மேடம் போச்சு?”

“நான் நட்சத்திரத்தை அளந்து பார்த்தேன். தடிச்சுத்தான் இருந்தது. சந்தேகம்னு குறிப்பு போட்டு அனுப்பினேன். ஃபாரத்துல பேர் தானா விழும், லாகின் பேர். அதுக்கு நம்பர் வரும்னு அன்னைக்கு யார் கண்டா?”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?”

“சொல்லியிருந்தா மறுநாள்ல இருந்து எல்லாத்தையும் கல்லுன்னு எழுதியிருப்பீங்க, பொன்ராஜ். இல்லைன்னு சொல்ற ஆள்தான் எனக்கு வேணும்.”

“ஜெனிட்டாகிட்ட?”

மேடம் சீட்டுகளைத் திரும்ப மடித்தார். ரொம்ப நேரம் மடித்தார். “சொல்லியிருக்கணும். அப்புறம் அவ தேட வர்றதை விட்டுட்டா. நானும் விட்டுட்டேன். அது என் தப்பு” என்றார்.

பதிவைத் திருத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் எழுந்தேன். அவர் உட்காரச் சொன்னார். பேர் வைப்பதற்கு விதிகள் இருக்கின்றன என்றார். பதினாறு எழுத்துக்குள் இருக்க வேண்டும், வாயில் நுழைய வேண்டும், கடைக்கு விளம்பரமாக இருக்கக் கூடாது. அதெல்லாம் சரி. இன்னொன்று, கண்டுபிடித்தவர் தன் பேரையே கல்லுக்கு வைத்துக்கொள்ளக் கூடாது.

“இப்ப பதிவு உங்க பேர்ல இருக்கு. அது தப்புதான். ஆனா தப்பா இருக்கிறவரை நீங்க அந்தக் கல்லுக்கு ஜெனிட்டான்னு பேர் வைக்கலாம். அவ பேர் வானத்துல நிலைச்சு நிக்கும். பதிவைத் திருத்தக் கேட்டு, திருத்தினாங்கன்னா, அவ கண்டுபிடிச்சவ ஆயிடுவா. அப்ப அவ பேரை அவளே வைக்க முடியாது. திருத்த மாட்டோம்னு சொல்லி, தகராறுன்னு பேர் வைக்கிறதையும் நிறுத்திட்டாங்கன்னா, ரெண்டும் இல்லை.”

“அப்ப எது மேடம் அவளுக்கு நல்லது?”

“தெரியலை பொன்ராஜ்.”

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். திரும்பும்போது பஸ்ஸில் ஒரு பக்கம் யோசித்தால் பேர் பெரிதாகத் தெரிந்தது. கல் இருக்கும்வரை அவள் பேர் இருக்குமே! இன்னொரு பக்கம் யோசித்தால், பொய்யான ஆள் கையால் கொடுக்கிற பேர் என்ன பேர் என்று தோன்றியது. சாத்தான்குளத்தில் இறங்க வேண்டியவன், இறங்காமல் போய்விட்டேன். என் நிலைமை அப்படி இருந்தது.

ஜெனிட்டா இப்போது தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்க்கிறாள். சரக்குக் கப்பல்களுக்கான பில்களைக் கணினியில் ஏற்றுகிற வேலை. கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும், “வாங்க அண்ணாச்சி, ஃபிளெக்ஸெல்லாம் வச்சிருக்காங்களாமே, வாட்ஸ்அப்புல பாத்தேன்” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு முள்ளாகக் குத்தியது. எதிர்ப்பக்கம் டீக்கடையில் உட்கார்ந்து, கண்டெய்னர் லாரிகள் போகிற இரைச்சலுக்கு நடுவே எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் டீ ஆறிவிட்டது.

“தடிச்சிருந்துதா?” என்று கேட்டாள். நான் சொன்னதில் அவளுக்கு முதலில் வேண்டியிருந்தது அதுதான்.

“தடிச்சிருந்துதும்மா. மேடம் அளந்திருக்காங்க.”

“எனக்குத் தெரியும்.” ஆறிய டீயைத் தள்ளி வைத்தாள். “தெரியும்னு அப்ப நெனச்சேன். அப்புறம் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டேன். இப்ப ஒரு பில்லு ஏத்தினாக்கூட நாலு தரம் பாக்கேன் அண்ணாச்சி. சரியா இருந்தாலும் பாக்கேன். எங்க மேனேஜர் வைவாரு.”

“என்னாலதானா?”

“அது எனக்குத் தெரியல. எம்மெஸ்ஸி சேராதது உங்களால இல்ல. அப்பாவுக்கு அந்த வருஷம் சொகமில்ல. ஆனா சேரணும்னு சண்ட போட எனக்குத் தெம்பு இல்லாமப் போச்சு. அது எதுனால, என்ன எழவோ.”

இரண்டு வழியையும் சொன்னேன். பேரா, பதிவா? பேர் வைத்தால் அவள் பிள்ளை பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொள்ளலாம், நிச்சயமாகக் கிடைக்கும். பதிவு கிடைக்குமோ கிடைக்காதோ. இரண்டும் போகவும் வாய்ப்பு உண்டு. இதையெல்லாம் நான் ஒரு சாமான் பட்டியல் போலச் சொன்னேன். அவள் ‘பேர் போதும்’ என்று சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு உள்ளுக்குள் இருந்தது. அப்படியானால் நான் யாரிடமும் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

“பேரு யாருக்கு வேணும்னாலும் வைக்கலாம் அண்ணாச்சி. நாய்க்குக்கூட வைக்கிறாங்க. நான் பாத்தேன்னு எழுதுங்க.”

“ரெண்டும் போயிட்டா?”

“போட்டும். நான் பாத்தேன்லா?”

வீட்டுக்கு வந்து நான்கு நாள் உட்கார்ந்து, பதிவைத் திருத்தக் கேட்டுக் கடிதம் எழுதினேன். தமிழில்தான். ஆங்கிலத்தில் மாற்றித் தருவதாகத் துரை சார் சொன்னார், முகம் சுருங்கியபடி. கல்லூரிக்கு வந்த கண்டுபிடிப்பு கைநழுவிப் போய்விடுமோ என்று அவருக்குக் கவலை. மேடம் இரண்டு சீட்டுகளின் நகலையும் அனுப்பி வைத்தார். ஃபிளெக்ஸை நானே போய் அவிழ்த்தேன். மைத்துனன் இன்னும் என்னோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடிதத்தை எடுத்துக்கொண்டு புன்னைக்காயல் போனேன். சர்ச்சில் பூசை முடிந்து அவள் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். வாசலில் நாற்காலி போட்டு, கடிதத்தைக் கையில் வாங்கி மெதுவாகப் படித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பக்கம் முடிந்து இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியில் நின்றாள். ‘கவனக்குறைவால் அந்தப் புள்ளியை நான் நிராகரித்துவிட்டேன்’ என்று எழுதியிருந்த வரி.

“இது பொய் அண்ணாச்சி” என்றாள்.

“எதும்மா?”

“நீங்க கவனமாத்தான் பாத்திய. எனக்குத் தெரியும், நான் வராந்தாவுல நின்னு கதவு வழியா பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அரை மணி நேரம் பாத்திய. நல்லா பாத்துட்டுத்தான் இல்லன்னிய.”

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பேனாவை எடுத்து ‘கவனக்குறைவால்’ என்பதை அடித்தேன். மேலே ‘கவனமாகப் பார்த்த பின்பு’ என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு அவளிடம் கொடுத்தேன். அவள் அந்த வரியை மறுபடி படித்துப் பார்த்தாள். ஒரே ஒரு தரம்தான் பார்த்தாள்.